பழுக்க வைத்த வட்டி

மேடம் ஒரு பொருளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கிறவனுக்குப் பசி எடுத்துவிடும். அன்று காலை அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் நெஞ்சு உயரத்துக்கு நின்ற ஒரு காகித உருளை. அட்டைப் பெட்டி செய்கிற பழுப்புக் காகிதம். ஓரமெல்லாம் உப்புப் பூத்து, தொட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மேடம் சுற்றி வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார்.

"செருப்பு வாங்க வந்தவங்ககூட இவ்வளவு நேரம் எடுத்துக்க மாட்டாங்க மேடம்" என்றேன்.

"வாயாடி, ஓரமா நில்லு. வெளிச்சத்தை மறைக்கிறே."

வாயாடி என்றால் நான்தான். மேடத்துக்கு உதவியாளன். முன்பெல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் துப்பறிந்தவர் அவர். இப்போது அவர்களுக்கு எதிராகவும் துப்பறிவார். கோர்ட்டு வராந்தாவில் அவருக்குத் 'துருவி' என்று பெயர், அவர் காதில் விழாத தூரத்தில். அவரிடம் எனக்குச் சம்பளம் ஒழுங்காக வராது, திட்டு ஒழுங்காக வரும்.

உருளையின் சொந்தக்காரி, ஓட்டம் நின்றுபோன ஒரு மெஷினில் சாய்ந்துகொண்டு எங்களையே பார்த்தபடி இருந்தார். பெட்டிக்காரம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் பிஸ்கட் கம்பெனி முதல் பல்பு கம்பெனி வரை அவர் பெட்டியில்தான் சரக்கு அனுப்பின. கடன் வாங்கி, கப்பலில் காகித உருளைகள் வரவழைத்தார். சரக்கறையின் மூடி சரியில்லாத கப்பல். கடல் தண்ணீர் உள்ளே இறங்கி அத்தனை உருளையும் ஊறிப்போய் வந்து சேர்ந்தது. மற்றதையெல்லாம் கழிவு விலைக்குத் தள்ளிவிட்டு, சாட்சிக்காக இந்த ஒன்றை மட்டும் வைத்திருந்தார்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து, தப்பு கப்பல்மேல்தான் என்று முடிவாகிவிட்டது. சரக்கின் விலை வந்துவிடும். அதில் தகராறே இல்லை. மறுநாள் காலை கோர்ட்டில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, அந்த விலைக்கான வட்டி.

வட்டிதானே என்று நானும் முதலில் அலட்சியமாகத்தான் இருந்தேன். மேடம்தான் என் மண்டையில் ஏற்றினார். கப்பல் வழக்கில் நட்ட ஈட்டுக்கு வட்டி, தீர்ப்பு நாளிலிருந்து மட்டும் ஓடாது. சரக்கு உருப்படியாக வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே ஓடும். அன்றைக்கே இந்த அம்மா கையில் இருந்திருக்க வேண்டிய பணத்தை இத்தனை வருஷமும் அடுத்தவன் வைத்து அனுபவித்தான் அல்லவா, அதற்கு ஈடு. ஆனால் அதில் ஒரு முள்ளும் இருந்தது. சரக்குக்காரரே வேண்டுமென்று இழுத்தடித்தார் என்று நீதிபதிக்குப் பட்டால் வட்டியை வெட்டிவிடலாம்.

கப்பல் தரப்பு அந்த முள்ளைத்தான் பிடித்துக்கொண்டது. சேதத்தை மதிப்பிடுகிற எங்கள் சர்வேயரை அனுப்பிச் சரக்கைப் பார்க்க நாங்கள் தயாராக இருந்தோம், இவர்கள் கிடங்கைத் திறக்கவே இல்லை, பார்த்திருந்தால் அப்போதே கணக்குத் தீர்த்திருப்போம், இழுத்தடித்தது அவர்கள்தான் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்துவிட்டது. யாரும் என்னைக் கேட்கவே இல்லையே என்று பெட்டிக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். கேட்கவில்லை என்பதை எதை வைத்து நிரூபிப்பது?

இவர் வாங்கிய கடனுக்கு மட்டும் வட்டி ஒரு நாள்கூட ஓய்வெடுக்கவில்லை. சரக்கு விலை மொத்தத்தையும் கொட்டினாலும் கடனில் பாதிகூட அடையாது. மீதிக்கு அடமானமாக நின்றது இவருடைய தம்பியின் வீடு. ஏலத்துக்குத் தேதியும் குறித்தாயிற்று.

"என் வீடு போனதுகூடப் பரவாயில்லை. அது எப்பவோ போயிடுச்சு" என்றார் பெட்டிக்காரம்மா. "அவன் எனக்காகக் கையெழுத்துப் போட்டவன். ரெண்டு பொண்ணை வெச்சிருக்கான். இப்ப என்கூடப் பேசறதே இல்லை. போனா கதவைத் திறக்க மாட்டேங்குறான். அவனைத் தெருவுல நிறுத்திட்டு நான் எப்படிச் சோறு திங்கிறது?"

சொல்லும்போது அழவில்லை. அழுது முடித்தவர்களின் குரல் அது.

மேடம் உருளையிலிருந்து கண்ணை எடுக்காமல், குடிக்க டீ கிடைக்குமா என்று கேட்டார். பெட்டிக்காரம்மா தெருமுனைக் கடைக்கு ஓடினார். மேடம் டீ குடிப்பதே இல்லை. ஆளை அப்புறப்படுத்துகிறார் என்று புரிந்தது, ஏன் என்றுதான் புரியவில்லை.

"இங்கே வா. இது என்ன?"

காகிதத்தின் மேல் வரிசையாகக் கரும்பொட்டுகள். எனக்குத் தெரிந்த விஷயம்தான். நனைந்த சரக்கில் சர்வேயர்கள் ஒரு மருந்தைச் சொட்டுவிடுவார்கள். மழைத் தண்ணீரென்றால் சும்மா இருக்கும், கடல் தண்ணீரென்றால் பால் மாதிரி வெளுக்கும். பிறகு வெளிச்சம் பட்டு அந்த வெள்ளை கறுத்துப்போகும். சரக்கு வந்து ஒரு வாரம் கழித்து இந்த அம்மா தன் செலவில் வைத்த சர்வேயர் செய்த சோதனை அது, அவரும் இப்போது உயிரோடு இல்லை என்று ஒப்பித்தேன்.

"சரி. இந்தப் பொட்டு எதுமேல விழுந்திருக்கு?"

குனிந்து பார்த்தேன். பழுப்புக் காகிதத்தில் பழுப்புக் காகித டேப். கண்ணை இடுக்கினால்தான் தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தது. கரும்பொட்டு பாதி காகிதத்திலும் பாதி டேப்பிலுமாகக் குந்தியிருந்தது. அப்படியென்றால் அந்த அம்மாவின் சர்வேயர் வரும்போதே டேப் ஒட்டியிருந்தது. அவருக்கு முன்னால் வேறு யாரோ வந்து போயிருக்கிறார்கள்.

மேடம் பேனாக் கத்தியால் டேப்பை நெம்பினார். ஒரு குட்டி ஜன்னல் மாதிரி காகிதம் மடிந்து திறந்தது. யாரோ அழகாகக் கீறி, உள்ளே பார்த்துவிட்டு, பழையபடி மூடி ஒட்டியிருந்தார்கள். உள் அடுக்கில் வரிசையாகப் பொட்டுகள். ஆனால் இவை வெள்ளை.

அந்த அடுக்கைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய் வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தார் மேடம். காத்து நின்றோம். வெள்ளைப் பொட்டுகள் மெல்ல மெல்ல நாவல் பழ நிறத்துக்குத் திரும்பின. அன்று சொட்டுவிட்ட கையோடு மூடியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் முதல் வெளிச்சம் இப்போதுதான் அதில் படுகிறது.

"உப்புத் தண்ணின்னு கண்டுபிடிச்சவன் இந்தம்மா ஆளா இருந்தா திறந்து போட்டு போட்டோ எடுத்து ஊரைக் கூட்டியிருப்பான்" என்றார் மேடம். "பார்த்துட்டு மூடி ஒட்டினவன் யாரு?"

"பார்த்தது பிடிக்காதவன். கப்பல்காரன் ஆளு." எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. "அப்ப அவங்க வந்திருக்காங்க. பார்க்கவே விடலைன்னு சொன்னது பச்சைப் பொய்."

"பூட்டை உடைச்சா வந்தான்?"

என் துள்ளல் அடங்கியது. கிடங்குச் சாவி அந்த நாட்களில் ஒரே ஆளிடம்தான் இருந்தது. பெட்டிக்காரம்மாவின் புருஷன் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த அம்மா ஆஸ்பத்திரியே கதியென்று இருந்ததால் சாவி தம்பியிடம்.

டீ வந்தது. மேடம் அதை வாங்கி என் கையில் கொடுத்தார். உருளையின் அடுத்த பக்கத்தில் இன்னொரு டேப் இருந்தது. அதைத் தொடவே இல்லை. உருளையை அப்படியே கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை.

தம்பி டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஸ்கூல் என்றால் ஒரு மேஜை, ஒரு பலகை, ஒரு பழைய கார். அக்கா பெயரைச் சொன்னால் கதவைச் சாத்துகிற ஆளிடம் எப்படிப் பேசுவது என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க, மேடம் நேரே போய் பணத்தைக் கட்டிக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டார். லாரியையே பின்னால் எடுத்து சந்துக்குள் விடக் கூடியவர் அவர். நான் மேடத்தின் அண்ணன் மகன் என்று சொல்லிக்கொண்டு பின்சீட்டில் ஏறினேன்.

அந்த மாதிரிக் கார்களில் சொல்லித் தருகிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். தம்பி பாவம், நல்ல வாத்தியார். கன்னம் ஒட்டிப்போய், சட்டைக் காலர் கிழிந்து, அப்படியும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மேடம் ஆடி ஆடி ஓட்டினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கார் ஒரு நீளமான பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிப் போனபோது, மேடம் சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"கப்பல்காரங்க சர்வேயருக்கு நீங்கதானே கிடங்கைத் திறந்து விட்டீங்க?"

கார் குலுங்கி நின்றது. என் நெற்றி முன்சீட்டில் போய் முட்டியது.

"என் கால் பிரேக்ல இல்லை" என்றார் மேடம்.

தம்பி தன் காலையே பார்த்தார். அது பிரேக்கைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது.

மறுத்துப் பார்த்தார். மேடம் நாவல் பழப் பொட்டு விழுந்த காகிதத்தை அவர் மடியில் வைத்ததும் உடைந்துவிட்டார். சரக்கு இறங்கிய மறுநாளே அந்த சர்வேயர் வந்தாராம். சோதனை செய்து பார்த்தவர் முகம் செத்துவிட்டதாம். கூட வந்த கப்பல் ஏஜென்ட் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, சரக்கு விலை முழுவதையும் இந்த வாரத்திலேயே தந்துவிடுகிறோம், சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளலாம் என்றாராம்.

"முழுப் பணமுமா?" என்று வாயைப் பிளந்தேன்.

"முழுப் பணமும்." தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தன் சொன்னான். கப்பல் கேஸ்ல வட்டி சரக்கு வந்த நாள்லேருந்து கிடைக்கும், எந்த பேங்குலயும் இப்படி வராது, அவசரப்படாதே, பழுக்கட்டும்னான். நான் வேண்டாம்னுட்டேன். அப்புறம் அவங்க எத்தனை தடவை வந்து கேட்டாலும் சாவி இல்லைன்னுட்டேன்."

அட பாவி மனுஷா என்று எனக்கு வந்தது. இழுத்தால் வட்டி ஏறும் என்று இழுத்தார். இழுத்ததே வட்டியைத் தின்றுவிடும் என்று அந்தப் புரோக்கர் சொல்லாமல் விட்டுவிட்டான். கப்பல்காரர்கள் அவ்வளவு தைரியமாகப் பொய்ச் சத்தியம் செய்ததும் இதனால்தான். சர்வேயர் வந்தார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் இவர். வாயைத் திறந்தால் தன் குட்டும் உடையும் என்று இவர் திறக்கவே மாட்டார் என்று கணக்குப் போட்டார்கள். இத்தனை வருஷமும் அந்தக் கணக்கு தப்பவில்லை.

"அக்காகிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டார் மேடம்.

பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகள் கூட்டமாக ஏதோ வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் கேட்டது.

"மாமாவுக்கு அப்போ ஆபரேஷன் பண்ணணும். அக்கா தெருத்தெருவா பணம் கேட்டு அலைஞ்சுட்டு இருந்துச்சு. என்கிட்டயும் வந்து கேட்டுச்சு. நான் இல்லைன்னேன். அந்த ஏஜென்ட்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டு வந்து ரெண்டு நாள்கூட ஆகலை அப்போ. மாமா போயிட்டாரு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? அது வந்தா நான் கதவைத் திறக்காதது கோபத்துல இல்லைம்மா."



நாளைக் காலை கூண்டில் ஏறி இதை அப்படியே, ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும் என்றார் மேடம். தம்பி கையெடுத்துக் கும்பிட்டார். வீடு போனாலும் போகட்டும், அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றார். மேடம் அவர் பெண்களைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு இறங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் நான் சண்டை பிடித்தேன். அந்த அம்மாவிடம் இன்றே போய்ப் பக்குவமாகச் சொல்லிவிடலாம், கோர்ட்டில் நாலு பேர் முன்னால் இதைக் கேட்கவிடுவது அநியாயம் என்றேன். வக்கீலிடம் மட்டும் சொன்னால் போதும், அந்த அம்மாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார் மேடம். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

கோர்ட்டில் அந்த உருளையை நாலு பேர் உருட்டிக்கொண்டு வந்தார்கள். திறக்காமல் விட்ட இரண்டாவது ஜன்னலை நீதிபதியின் கண் முன்னால் திறந்து வெயிலில் காட்டினார் எங்கள் வக்கீல். வெள்ளை கறுப்பதை நீதிபதி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். கப்பல் ஏஜென்ட் கைக்குட்டையை எடுத்தார்.

பிறகு தம்பி கூண்டில் ஏறினார். வருவாரோ மாட்டாரோ என்று எனக்கு உதறல்தான். வந்துவிட்டார், அதே கிழிந்த காலரோடு. நான் பெட்டிக்காரம்மாவுக்குப் பின்வரிசையில் இருந்தேன். தம்பியைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. தனக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறான், கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

தம்பி எல்லாவற்றையும் சொன்னார். திறந்து விட்டது, சோதனை, ஏஜென்ட் முழு விலை தருவதாகச் சொன்னது, தான் வேண்டாம் என்றது, அதற்கான காரணம். ஒரு தடவைகூட அக்கா இருந்த பக்கம் திரும்பவில்லை.

கப்பல் தரப்பு வக்கீல் எழுந்தார். அவர் கையில் இப்போது அருமையான ஆயுதம். முழு விலையும் தருகிறோம் என்றபோது மறுத்தவருக்கு வட்டி எதற்கு? ஆனால் அதை எடுக்க வேண்டுமானால், சர்வேயர் போனார், நாங்கள் செய்தது பொய்ச் சத்தியம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் ஏஜென்டைப் பார்த்தார், ஏஜென்ட் கூரையைப் பார்த்தார்.

"உங்க ஆள் போனாரா, போகலையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றார் நீதிபதி.

வக்கீல், போனார் என்று ஒத்துக்கொண்டார். பழைய சத்தியம் தவறாகப் பதிவாகிவிட்டது என்று ஏதோ மென்று விழுங்கினார். ஆனால் தம்பியே மறுத்திருக்கிறார், இழுத்தடித்தது அந்தத் தரப்புதான், அதனால் வட்டி கூடாது என்று பிடித்துக்கொண்டார். உண்மையை வைத்தே எங்களைக் கவிழ்க்கப் பார்க்கிறாரே.

நீதிபதி சரக்கு யாருடையது என்று கேட்டார். அந்த அம்மாவுடையது என்று பதில் வந்தது. பணம் தருகிறோம் என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா என்றார். வக்கீல் காகிதங்களைப் புரட்டிவிட்டு, இல்லை என்றார். நீதிபதி பெட்டிக்காரம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மா, இப்படி ஒரு பேச்சு நடந்தது உங்களுக்கு எப்போ தெரியும்?"

பெட்டிக்காரம்மா எழுந்தார். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. தம்பியையே பார்த்தார்.

"இப்பத்தான்" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்தபின் யாருக்கும் எந்தச் சாட்சியும் வேண்டியிருக்கவில்லை. நடிப்பு என்று அவருடைய பரம விரோதிகூடச் சொல்ல முடியாது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அந்த அம்மாவுக்கே தெரியாத மறுப்பை அந்த அம்மாவின் தாமதமாக எழுத முடியாது, சரக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து முழு வட்டி என்று சொல்லி முடித்தார்.

ஜெயித்துவிட்டோம். வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் மேடத்தைத்தான் பார்த்தேன். நேற்று ஏன் சொல்ல வேண்டாம் என்றார் என்று அப்போது உறைத்தது. முன்கூட்டித் தெரிந்திருந்தால் அந்த ஒரு வார்த்தையை அந்த அம்மாவால் சொல்லியிருக்க முடியாது. சொன்னாலும் பொய்யாக இருந்திருக்கும்.

"சந்தோஷமா மேடம்?" என்று வராந்தாவில் கேட்டேன். வேண்டுமென்றே குத்தலாகத்தான் கேட்டேன்.

"இல்லை" என்றார். அவர் கண்ணும் சரியாக இல்லை.

தம்பி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்காரம்மா இறங்கி வந்து அவருக்கு எதிரில் நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூடத் தம்பிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எந்திரி" என்றார். "வட்டிக்காரன் இன்னும் கடையில இருப்பான். பணம் வருதுன்னு சொல்லி ஏலத்தை நிறுத்தணும். நீ கையெழுத்துப் போட்டாத்தான் பத்திரத்தை விடுவான்."

தம்பி எழுந்தார். "அக்கா" என்றார்.

"வீட்டைப் பொண்ணுங்க பேருக்கு எழுதி வெச்சுடு. நான் அங்கே வர மாட்டேன். இனிமே நீ வந்தாலும் நான் கதவைத் திறக்க மாட்டேன்டா."

சொல்லிவிட்டு அவர் தெருவில் இறங்கி நடந்தார். தம்பி நாலு அடி பின்னால், அந்த இடைவெளியைக் குறைக்கத் தைரியமில்லாமல், கூடவே போனார்.